கேள்வி கேட்காத சாப்பாடு: திருப்பூர் அம்மா உணவகம்

2013 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி, அதே ஆண்டில் மற்ற மாநகராட்சிகளுக்கும் விரிந்த அம்மா உணவகத்தைப் பலர் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடையாக மட்டுமே பார்க்கிறார்கள். திருப்பூர்க் கிளை ஒன்றில் அடிக்கடி சாப்பிடும் எனக்கு அதன் பெருமை வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

உணவு எளிமையானது. காலையில் 1 ரூபாய்க்கு இட்லி, மதியம் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். தயிர் சாதமே என் தேர்வு. சமைத்துப் பரிமாறும் மகளிர் குழுப் பெண்கள் எல்லோரையும் ஒரே முகத்துடன் நடத்துகிறார்கள்.

பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்குபவருக்கு வியாழனும் வெள்ளியும் கடினமான நாட்கள். வாரவட்டி, குழுக்கடன் தவணை, வீட்டு வாடகை என்று மனம் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013 இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோதும், அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகும் சோதித்தது. அதே மனிதர்கள்தாம், ஆனால் முடை நாட்களில் அவர்களுடைய சிந்தனைத் திறன் குறைவாகவே பதிவாயிற்று. புத்தி இல்லாததால் ஏழையாக இருக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் அறியேன். உழைப்பால் எழுந்த ஊர் என்ற நியாயமான பெருமை கொங்கு மண்ணில் நமக்கு உண்டு. அந்தப் பெருமையே, முன்னேறாதவரைச் சோம்பேறி என்று தீர்ப்பிடவும் நம்மைத் தூண்டிவிடுகிறது.

உதவி என்ற பெயரில் வருமானச் சான்றும் நகல்களும் கேட்டு அலையவிடுவது, ஏற்கெனவே களைத்த மனத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். இங்கே டோக்கன் வாங்கினால் தட்டு வருகிறது. உள்ளூர் ரேஷன் அட்டை இல்லாத ஒடிசாத் தொழிலாளியும், சுமை தூக்குபவரும், கல்லூரி மாணவரும் தாம் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்காமல் ஒரே மேசையருகே நின்று சாப்பிடுகிறார்கள். இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவது இதற்காகத்தான்.

சென்னையில் மாலையில் சப்பாத்தி வழங்கியதைப் போலத் திருப்பூரிலும் இரவு உணவு வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் டெய்லருக்கும், அவருக்கு உதவியாளராக வேலை செய்யும் கைமடிக்கும் பசி அதிகம் எடுப்பது அந்த நேரத்தில்தான்.