காதில் ஒரு சோதனை, கண்ணில் ஒரு சோதனை

உணராத சொல்லையும் மூளை புரிந்துகொள்கிறதா? 1953இல் ஆய்வாளர் காலின் செர்ரி இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறு காதில் மொழியே மாறியதுகூடக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் 1959இல் உளவியலாளர் நெவில் மோரே அந்த மறு காதில் அவரவர் பெயரை நுழைத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுவையான முடிவுதான். ஆனால் கவனம் ஒரு கணம் அந்தப் பக்கம் நழுவியிருக்கலாமே!

எனக்கு நம்பிக்கை தருவது மறைப்பு முறை. சுமார் 50 மில்லிநொடி மட்டும் திரையில் தோன்றும் சொல்லை உடனே வேறு குறிகள் மூடிவிடும். பார்த்தவர் எதையும் உணர்வதில்லை. ஆனாலும் தொடர்புடைய அடுத்த சொல்லை விரைவாக அடையாளம் காண்கிறார். உண்மையிலேயே உணரவில்லையா என்பதைத் தனியே சோதிக்கவும் வழி உண்டு. குறை ஒன்றுதான்: அந்த விளைவு நொடிப்பொழுதில் கரைந்துவிடுகிறது.