சோலார் இன்ஸ்டாலர் கோர்ஸ், 5 வாரம், 18 ஆயிரம் ரூபா: போலாமா வேணாமா?

ரெண்டு மூணு பசங்க தனித்தனியா கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதிடறேன். நான் ஐடிஐ எலக்ட்ரீசியன். முடிச்சுட்டு நாலு வருஷமா வீட்டு வயரிங், மோட்டார் ரிப்பேர்னு ஓட்டிட்டு இருந்தேன். 2024 பிப்ரவரில வீட்டு மாடில சோலார் போட மத்திய அரசு பிஎம் சூர்ய கர் திட்டம் அறிவிச்சாங்கல்ல, 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபா மானியம்னு, அதுக்கப்புறம் வயரிங் வேலைக்குப் போற வீட்ல எல்லாம் "தம்பி, நீ சோலார் போடுவியா"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நமக்கு வீட்டு லைன்ல வர்ற ஏசி கரண்ட் பக்கம் அத்துப்படி, பேனல்ல இருந்து வர்ற டிசி கரண்ட் பக்கம் ஒரு மண்ணும் தெரியாது. அதனால கோயமுத்தூர் பக்கம் ஒரு பிரைவேட் சென்டர்ல சேந்தேன். பேரு போடல, போட்டா சண்டைக்கு வருவாங்க, எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கிளாஸ் எடுத்த சாருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், ரொம்ப வருஷம் ஃபீல்டுல இருந்தவரு. போர்டுல எழுதுறது கம்மி, கைல எடுத்துக் காட்டுறது ஜாஸ்தி. ரெண்டாவது நாள் ஒரு பழைய செட்டப் வச்சு ஓடிட்டு இருக்கற டிசி லைனை மெதுவா பிரிச்சுக் காட்டினாரு பாருங்க, அந்தப் பொறி அணையவே இல்ல, வயரை இழுக்க இழுக்க அதுவும் கூடவே நீண்டுட்டே வந்துச்சு. ஏசில கரண்ட் செகண்டுக்கு 100 தடவை ஜீரோவுக்கு வந்துட்டுப் போகும், அதனால பொறி பெரும்பாலும் தானா அணைஞ்சிரும், டிசில அந்த இடைவெளியே இல்லைனு சொன்னாரு. கரண்ட் ஓடிட்டு இருக்கும்போது எம்சி4 கனெக்டரை, அதாவது பேனல் வயரை ஒன்னோட ஒன்னு சேக்கற பிளக்கை, புடுங்கக் கூடாது, ஏசிக்கான எம்சிபி பிரேக்கரைக் கொண்டுபோய் டிசி பக்கம் மாட்டக் கூடாது, ரெண்டு கம்பெனி கனெக்டரை ஒன்னோட ஒன்னு சேத்துப் போடக் கூடாதுனு அவர் சொன்னது எல்லாம் அன்னிக்கு மண்டைல ஏறினதுதான், இன்னும் இறங்கல. நாலு வருஷமா கரண்ட் வேலை பாத்தவன், அன்னிக்கு நெஜமாவே பயந்துட்டேன்.

அப்புறம் வெயில் விஷயம். வெயில் ஏற ஏற கரண்ட்டு கொட்டும்னு நினைச்சுட்டு இருந்தேன். பேனல்ல எழுதியிருக்கற வாட்ஸ் 25 டிகிரில அளந்ததாம், நம்மூரு சித்திரை வெயில்ல பேனல் 60 டிகிரிக்கு மேல போயிரும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் குறையும்னா பத்துல ஒரு பங்கு சூட்லயே போச்சு. அதான் பேனலுக்கு அடியில காத்து போக கேப் விடணும், கூரை ஷீட்டோட ஒட்டி வைக்கக் கூடாது. இந்தக் கணக்கெல்லாம் சார் போட வச்சே விட்டாரு. 540 வாட்ஸ் பேனல் ஒன்னு எதுலயும் மாட்டாம ஓப்பன்ல 50 வோல்ட் கிட்ட காட்டும், ஆறு பேனல் வரிசையா சீரிஸ்ல போட்டா 300 வோல்ட், மார்கழிக் காலைக் குளிர்ல அதுக்கும் மேல போகும், டிசிய ஏசியா மாத்தற இன்வெர்ட்டர் தாங்குமான்னு முன்னாடியே பாக்கணும். தியரிக்கு நான் பத்துக்கு ஒம்பது குடுப்பேன்.

இப்ப கோவம் வர்ற பகுதி. சேரும்போது "முழுக்க பிராக்டிகல் சார்"னு சொன்னாங்க. பிராக்டிகல்னா என்ன தெரியுமா, பில்டிங் பின்னாடி தரையில ஒரு ஸ்டாண்டு, அதுல நாலு பேனல், அதச் சுத்தி நாங்க 32 பேரு. ஒரு பேட்ச் மாட்டும், அடுத்த பேட்ச் கழட்டும், மறுபடி மாட்டும். அந்த போல்டு எல்லாம் மரை தேஞ்சு போய் கையிலயே சுத்தலாம். வயர் முனைல கனெக்டர் பின்னை அமுக்கிப் பிடிக்க வைக்கற கிரிம்பிங் டூல் ரெண்டே ரெண்டு. அஞ்சு வாரத்துல நான் கிரிம்ப் பண்ணின எம்சி4 மொத்தம் ஏழு, எண்ணி வச்சிருக்கேன், அதுல ரெண்டு லூசு. நெஜமான மாடிக்கு ஒரே ஒரு நாள் கூட்டிட்டுப் போனாங்க, அதுவும் ஏற்கனவே வேலை முடிஞ்ச வீடு, நின்னு பாத்துட்டு டீ குடிச்சுட்டு வந்தோம். சேஃப்டி பெல்ட்டு ஃபோட்டோவுல மட்டும்தான் பாத்தேன்.

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. நம்ம பல்லடம், உடுமலை பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு தெரியும், அங்க மொட்டைமாடில பேனல் தாங்கற ஸ்ட்ரக்சர் நிக்கணும்னா ஆங்கர் போல்ட் எங்க அடிக்கணும், காங்கிரீட் பிளாக் எவ்வளவு வெயிட்டு வேணும், தளத்துல ஓட்டை போட்டா தண்ணி ஒழுகாம எப்படி அடைக்கணும், இது ஒன்னும் சொல்லித் தரல. கஸ்டமர் மொதல்ல திட்டறதே ஒழுகறதுக்குத்தாங்க. எர்த்திங் கூட அப்படித்தான், டிசிக்கு ஒன்னு, ஏசிக்கு ஒன்னு, இடிதாங்கிக்கு ஒன்னுனு மூணு குழினு நோட்டுல எழுதினோம், ஒரு குழி கூட தோண்டல.

பேப்பர் வேலையும் சுத்தமா சொல்லித் தரல. மானியத்துக்கு அரசோட போர்ட்டல்ல அப்ளை பண்றது, மானியம் வேணும்னா இந்தியால செஞ்ச செல் உள்ள டிசிஆர் பேனல்தான் போடணும்ங்கறது, ஈபி மீட்டர் மாத்தறது, எல்லாம் நான் வெளிய வந்து அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒன்னு, "கரண்ட் போனா சோலார் ஓடுமா"ன்னு எல்லா வீட்டுலயும் கேப்பாங்க, அதுக்கு பதில் சார் நல்லா சொல்லிக் குடுத்திருந்தாரு. ஈபி லைனோட சேத்து ஓடற, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட்னா ஓடாதுங்க, லைன்ல கரண்ட் இல்லைனா இன்வெர்ட்டர் தானா நின்னுரும், இல்லைன்னா போஸ்ட்ல ஏறி வேலை செய்யற லைன்மேன் உசுருக்கு ஆபத்து. இதக் கேட்டதும் பாதிப் பேரு மூஞ்சி சுருங்கிரும், ஆனா முன்னாடியே சொல்லிடறது நல்லது, அப்புறம் அவங்க ஃபோன் போட்டுத் திட்டறத வாங்க முடியாது.

பிளேஸ்மென்ட் 100 சதவீதம்னு நோட்டீஸ்ல பெருசா போட்டிருந்தாங்க. வந்துச்சு ஒரு ஃபோன் கால், ஒரு சப்-கான்ட்ராக்டர் கிட்ட இருந்து. நாள் கூலி 700, வேலை பேனல் தூக்கறது. ஒரு பேனல் 28 கிலோ கிட்ட வருங்க, குறுகலான படியில ரெண்டு மாடிக்கு ஏத்திப் பாருங்க தெரியும். நான் ரெண்டு மாசம் போனேன், பொய் சொல்லல, கோர்ஸ்ல கத்துக்காததெல்லாம் அங்கதான் கத்துக்கிட்டேன், அங்க இருந்த ஒரு அண்ணன் ஒரே நாள்ல என்ன 24 கனெக்டர் போட வச்சாரு. அதுக்கு எதுக்கு 18 ஆயிரம்னு எங்கம்மா கேட்டாங்க, பதில் சொல்லல.

இன்னொரு முக்கியமான விஷயம், அவங்க குடுக்கற சர்டிபிகேட்ட வச்சுட்டு ஈபி சம்பந்தமான வயரிங் வேலைல கையெழுத்துப் போட முடியாது, அதுக்கு எலக்ட்ரிக்கல் லைசென்சிங் போர்டு குடுக்கற சான்றிதழ் தனியா வேணும். இத சேரும்போது ஒருத்தரும் சொல்லல. எங்க பேட்ச்ல பி.காம் முடிச்ச ஒரு தம்பி இருந்தான், இந்த சர்டிபிகேட் வந்தா தனியா கம்பெனி வச்சிரலாம்னு நம்பி வந்தவன், பாவம்.

காசு இல்லாதவங்க மொதல்ல சூர்யமித்ரா கோர்ஸ் பக்கத்துல எங்கயாச்சும் பேட்ச் ஆரம்பிக்குதான்னு பாருங்க. மத்திய அரசோட தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் மூலமா 2015ல ஆரம்பிச்சது, அப்ப 600 மணி நேரம், ஃபீஸ் கிடையாது, தங்கறது சாப்பாடு எல்லாம் அவங்களே. ஐடிஐ, டிப்ளமோ பசங்களுக்குனே போட்டது. நான் அவசரத்துல காத்திருக்காம காசு கட்டிட்டேன்.

மொத்தத்துல அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார், அந்த ரெண்டரையும் சாருக்குத்தான். ஏற்கனவே வயரிங் தெரிஞ்சவங்கன்னா டிசி பக்கம் புரிய ஒருவேளை ஒத்துக்கலாம், அப்பக்கூட பணம் கட்டறதுக்கு முன்னாடி, பில்டிங் பின்னாடி போய் அந்த ஸ்டாண்டப் பாருங்க, கிரிம்பிங் டூல் எத்தனை இருக்கு, பேட்ச்சுக்கு எத்தனை பேரு, எத்தனை நாள் நெஜமான மாடில ஏத்துவீங்கன்னு கேளுங்க. ஆபீஸ்ல இருக்கறவங்ககிட்ட கேக்காதீங்க, டீ பிரேக்ல வெளிய நிக்கற பசங்ககிட்ட கேளுங்க. ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்ல, வியாழக்கிழமை முட்டை உண்டு.