பேண்டஸி டார்ட்ஸ் போட்டி: பெயர் கொடுக்கும் முன் புள்ளி அட்டவணையைப் படியுங்கள்

டிசம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில், பலகையில் சிறு அம்பெறியும் ஆட்டமான டார்ட்ஸின் உலக சாம்பியன்ஷிப் தொடங்கும்போது, இணையத்தில் பேண்டஸி விளையாட்டுக் குழுக்கள் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுபவர்கள்) நடத்தும் டார்ட்ஸ் போட்டிகளும் களைகட்டும். பெரிய நிறுவனத்தின் செயலி எதுவும் இருக்காது. ஆர்வமுள்ள நாலு பேர் ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு விதிப் பக்கம், ஒரு லீடர்போர்டு வைத்து நடத்துவதுதான் பெரும்பாலும். அந்த வகைப் போட்டி எப்படி இருக்கிறது, எங்கே சறுக்குகிறது, எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதுதான் இங்கே.

தாராளமாகச் சேரலாம். டார்ட்ஸைக் கூர்ந்து பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 90-ஆம் தரவரிசைக்காரர் ஆடும் முதல் சுற்று ஆட்டத்தைக்கூட நகம் கடித்துக்கொண்டு பார்க்க வைக்கும். ஆனால் இரண்டு விஷயம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே சேருங்கள்: புள்ளி அட்டவணை, அணி பூட்டப்படும் நேரம் (அதன் பிறகு அணியை மாற்ற முடியாது). இந்த இரண்டில் எது குழப்பமாக இருந்தாலும் மூன்று வாரமும் சண்டைதான். கட்டணம் இல்லாத போட்டியே போதும். பணம் கட்டி ஆடுவது என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

சேர்வதில் சிக்கல் எதுவும் இல்லை. கணக்குத் தொடங்கி, அணிக்கு ஒரு பெயர் வைத்து, படிவத்தில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, டைபிரேக்கர் கேள்விக்கு (புள்ளி சமமானால் வெற்றியாளரை முடிவு செய்வது) பதில் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு உறுதிப்பட்டியலில் உங்கள் அணி சரியாக ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெயரைக் கையால் தட்டச்சு செய்யும் படிவம் என்றால் முழுப்பெயரே எழுதுங்கள். ‘ஸ்மித்’ என்று மட்டும் போட்டால் மைக்கேல் ஸ்மித்தா, ராஸ் ஸ்மித்தா? ‘லூக்’ என்றால் லிட்லரா, ஹம்ப்ரீஸா? ‘வான்’ என்று தொடங்கும் டச்சு, பெல்ஜியப் பெயர்கள் இன்னும் மோசம்: வான் கெர்வென், வான் வீன், வான் டைவன்போடே, வான் டென் பெர்க். கெர்வின் பிரைஸையும் மைக்கேல் வான் கெர்வெனையும் அவசரத்தில் மாற்றிப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. பூட்டிய பிறகு திருத்தம் கேட்டால் நடத்துபவர் மறுப்பார், மறுப்பதுதான் நியாயமும்.

இனி போட்டியின் வகைகள். மூன்றைத்தான் அதிகம் பார்க்கலாம்.

எளிதானது பரிசுத்தொகை வகை. சில வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர்கள் வெல்லும் பவுண்டுகளின் கூட்டுத்தொகையே உங்கள் மதிப்பெண். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், தகராறுக்கு இடமே இல்லை. ஆனால் 2026 உலக சாம்பியன்ஷிப்பின் பரிசுப் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 50 லட்சம் பவுண்டு. சாம்பியனுக்கு 10 லட்சம், இறுதியில் தோற்றவருக்கு 4 லட்சம், அரையிறுதியில் தோற்றவருக்கு 2 லட்சம், காலிறுதியில் தோற்றவருக்கு 1 லட்சம். அதற்குக் கீழே 60,000, 35,000, 25,000, முதல் சுற்றிலேயே போனவருக்கு 15,000. காலிறுதியில் தோற்ற நால்வரையும் சேர்த்தாலும் ஒரு சாம்பியனில் பாதிகூட வராது! அதனால் இந்த வகையில் சாம்பியனைப் பிடித்தவர் யார் என்பதில்தான் எல்லாம் முடிகிறது. 2025-இல் 17 வயதில் லிட்லர் பட்டம் வென்றதற்குப் பிறகு அவரை எல்லோருமே எடுக்கிறார்கள். எல்லோரிடமும் இருப்பவரால் யாருக்கும் லாபம் இல்லை. வகை எளிமையானது, நியாயமானது, ஆனால் யோசிக்க வேலை குறைவு.

இரண்டாவது பட்ஜெட் வகை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை, உங்களிடம் ஒரு தொகை. இதில் குறை எங்கே வருகிறது என்றால், விலையை, தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பிடிசி அமைப்பின் ஆர்டர் ஆஃப் மெரிட் தரவரிசையிலிருந்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தரவரிசை இரண்டு ஆண்டுப் பரிசுத்தொகையின் கணக்கு. இருபது மாதங்களுக்கு முன் ஒரு பெரிய கோப்பையை வென்றுவிட்டு இப்போது டபுள் (பலகையின் வெளி வளையம், ஆட்டத்தை முடிக்க அடிக்க வேண்டியது) அடிக்கத் திணறுபவர் அதில் மேலேயே இருப்பார். கடந்த ஆறு மாதமாக வெளுத்து வாங்கும் இளைஞர் 40-ஆம் இடத்தில் மலிவாகக் கிடைப்பார். ஆடுபவருக்கு இது கொண்டாட்டம். டிவியில் வராத ப்ளேயர்ஸ் சாம்பியன்ஷிப் முடிவுகளைத் தொடர்ந்து பார்ப்பவர் இந்த இடைவெளியில்தான் ஜெயிக்கிறார். மூன்று வகையில் உழைப்புக்கு மரியாதை கொடுப்பது இதுதான்.

மூன்றாவது அடுக்கு வகை: முதல் 8 தரவரிசையில் ஒருவர், அடுத்த 8-இல் ஒருவர், சீட் (முன்னணி வீரர்கள் ஆரம்பத்தில் ஒருவரோடொருவர் மோதாமல் பிரித்து வைக்கும் இடம்) இல்லாதவர்களில் இருவர் என்கிற மாதிரி. புதியவர்களுக்கு ஏற்றது.

எந்த வகையானாலும் டிரா பேப்பரை (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 128 பேர் டிரா நான்கு கால்பகுதியாகப் பிரியும். ஒரு கால்பகுதியில் 32 பேர். அதிலிருந்து அரையிறுதிக்கு ஒருவர்தான் வர முடியும். ஒரே கால்பகுதியில் இரண்டு பெரிய பெயர்களை எடுத்தால், காலிறுதிக்குள் ஒருவரை இன்னொருவரே வெளியேற்றுவார். தோற்ற அணிகளைப் பார்த்தால் பாதியில் இந்தத் தவறு இருக்கும். நாலு கால்பகுதிக்கு நாலு நம்பிக்கையான ஆட்களைப் போட்டுவிட்டு, மீதி இடங்களை முதல் இரண்டு சுற்றில் லேசான எதிராளி கிடைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள். டிரா வெளிவரும் முன்பே அணியைப் பூட்டச் சொல்லும் போட்டிகளும் உண்டு. அது வெறும் குலுக்கல், தவிர்த்துவிடலாம்.

இந்த 128 என்ற எண்ணே இப்போது ஒரு கண்ணி. 2025 வரை 96 பேர் ஆடினார்கள். 32 சீட் வீரர்கள் நேரடியாக இரண்டாம் சுற்றில் இறங்கினார்கள். 2026-இலிருந்து 128 பேர், எல்லோரும் முதல் சுற்றிலிருந்தே. பழைய விதிப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து ஒட்டிய போட்டிகளில் ‘முதல் சுற்று பை பெறும் (ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும்) சீட் வீரருக்கு வெற்றிப் புள்ளி’ என்ற வரி இன்னும் கிடக்கும். அப்படிப் பார்த்தால் நடத்துபவரிடம் கேளுங்கள். சாம்பியனாக முன்பு சீட் வீரருக்கு 6 வெற்றி போதும், இப்போது 7 வேண்டும். கேப்டனாக வைக்கும் வீரருக்குக் கூடுதல் புள்ளி தரும் போட்டிகளில் அந்தக் கணக்கு இதனால் மாறும்.

டைபிரேக்கரும் இதே குழியில் விழுகிறது. வழக்கமான கேள்வி: போட்டி முழுவதும் மொத்தம் எத்தனை 180 (மூன்று அம்பில் எடுக்கக்கூடிய அதிகபட்சம்)? பழைய ஆண்டின் எண்ணைத் தேடி எடுத்து எழுதினால் தப்பு. அப்போது 95 ஆட்டங்கள், இப்போது 127. கூடியிருக்கும் 32-ம் முதல் சுற்று ஆட்டங்கள். அவை 5 செட்டுக்குள் முடிபவை, நீளமானவை அல்ல. ஆகவே பழைய எண்ணை அதே விகிதத்தில் ஏற்றினாலும் சற்று அதிகமாகப் போய்விடும். ஒரு முதல் சுற்று ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை 180 வந்தது என்று பார்த்து, அதை 32-ஆல் பெருக்கிப் பழைய மொத்தத்தோடு கூட்டுவதே சரியான வழி.

இனி புள்ளி அட்டவணை. ஒரு போட்டியின் தரத்தைச் சொல்வது இதுதான். பல இடங்களில் பார்க்கும் மாதிரி ஒன்று: ஆட்ட வெற்றிக்கு 10, வென்ற செட் ஒவ்வொன்றுக்கும் 3, ஒவ்வொரு 180-க்கும் 2, 100 அல்லது அதற்கு மேற்பட்ட செக்அவுட்டுக்கு (மீதமுள்ள எண்ணை ஒரே முறையில் முடிப்பது) 3, மூன்று அம்பு சராசரி 95-ஐத் தாண்டினால் 5.

பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். முதல் சுற்றில் இரண்டு ஆட்டங்களை வைத்து ஓட்டிப் பார்ப்போம். ஒருவர் 3-0 என்று அடித்து நொறுக்குகிறார். இரண்டு 180, சராசரி 96. அவருக்கு 10 + 9 + 4 + 5 = 28. இன்னொருவர் தடுமாறி 3-2 என்று தப்பிக்கிறார். சராசரி 93, ஆனால் ஆட்டம் நீண்டதால் ஏழு 180, இரண்டு பெரிய செக்அவுட். அவருக்கு 10 + 9 + 14 + 6 = 39. அவரிடம் தோற்றவருக்கு எட்டு 180, ஒரு பெரிய செக்அவுட், இரண்டு செட்: 16 + 3 + 6 = 25. தோற்றவர் நிற்கும் இடம், அற்புதமாக ஆடி வென்றவருக்கு மூன்றே புள்ளி கீழே! ஒரு செட்டுக்கு 3 முதல் 5 லெக் (501-இலிருந்து பூஜ்ஜியம் வரை இறங்கும் ஒரு ஆட்டம்). 3-0 ஆட்டம் 9 லெக்கில்கூட முடியும். 3-2 ஆட்டம் 25 லெக் வரை போகலாம். லெக் கூடக் கூட 180-உம் கூடும். இந்த அட்டவணை நல்ல ஆட்டத்தை விட்டுவிட்டு நீண்ட ஆட்டத்துக்குப் பரிசு கொடுக்கிறது.

நல்ல நடத்துனர்கள் இதை இரண்டு வழியில் சரி செய்கிறார்கள்: 180-க்கு 1 புள்ளியாகக் குறைப்பது, அல்லது எதிராளிக்கு ஒரு செட்டும் கொடுக்காத வெற்றிக்குத் தனி ஊக்கப் புள்ளி. இவை எதுவும் இல்லாத போட்டியில் சேர்ந்துவிட்டீர்களா? அப்போது 180 மழை பொழிபவராகப் பார்த்து, அவருக்குச் சமபலமான எதிராளி அமைந்திருக்கிறாரா என்றும் பார்த்து எடுங்கள். அட்டவணை எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதற்குத்தான் அணி. இன்னொரு நுணுக்கம்: ‘140+’ (மூன்று அம்பில் 140 அல்லது அதற்கு மேல்) என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் 180 சேருமா என்று கேளுங்கள். டார்ட்ஸ் புள்ளிவிவரங்களில் 140+ என்பது வழக்கமாக 180-ஐ விட்டுவிட்டுத்தான் எண்ணப்படும். நடத்துபவர் அதையும் சேர்த்து எண்ணினால் ஒரே அடிக்கு இரண்டு முறை புள்ளி விழும்.

ஒரே அட்டவணையை எல்லாப் போட்டிக்கும் ஓட்டுவது அடுத்த பெரிய குறை. லெஸ்டரில் நடந்துவரும் வேர்ல்ட் கிராண்ட் பிரியில் லெக்கைத் தொடங்கவே டபுள் அடிக்க வேண்டும். தொடக்க டபுளைத் தவறவிட்ட அம்புகளும் சராசரியில் சேரும். எனவே அங்கே சராசரி இறங்கும், 180 குறையும். உலக சாம்பியன்ஷிப்பின் ‘95-க்கு மேல்’ வரம்பை அங்கே வைத்தால் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பிளாக்பூலில் ஜூலையில் நடக்கும் வேர்ல்ட் மேட்ச்பிளேயில் செட்டே கிடையாது, வெறும் லெக். வெற்றிக்குப் பொதுவாக இரண்டு லெக் முன்னிலை வேண்டும். செட்டுக்கான புள்ளியை அங்கே எப்படி மாற்றுகிறார்கள் என்று விதியில் எழுதியிருக்க வேண்டும். மைன்ஹெட்டில் நடக்கும் யுகே ஓபனில் நான்காம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக டிரா எடுப்பார்கள். மேலே சொன்ன கால்பகுதிக் கணக்கு அங்கே செல்லாது. சமீபத்திய ஆட்டத்திறனை மட்டும் நம்பி எடுக்க வேண்டும்.

பூட்டு நேரம். விதிப் பக்கத்தில் லண்டன் நேரமே போட்டிருக்கும். டிசம்பரில் அது ஜிஎம்டி. ஜூலையில் ஒரு மணி முன்னால். வியாழன்தோறும் நடக்கும் பிரீமியர் லீக் டார்ட்ஸ் பிப்ரவரியில் தொடங்கி மே வரை ஓடும்; அதன் நடுவே, மார்ச் கடைசி ஞாயிறு அன்று, பிரிட்டன் கடிகாரத்தை மாற்றும். இந்தியா மாதிரி கடிகாரம் மாறாத நாட்டிலிருந்து ஆடுபவருக்குப் பூட்டு நேரம் திடீரென ஒரு மணி முன்னே வந்துவிடும். அடுத்து வரும் வியாழன் அன்று அணி மாற்றும் வாய்ப்பைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

விலகல் விதியையும் தேடிப் பாருங்கள். உடம்புக்கு முடியாமல் ஒருவர் விலகினால் எதிராளி ஆடாமலேயே முன்னேறுவார். அவருக்கு வெற்றிப் புள்ளி உண்டா? செட் புள்ளி? சராசரி, 180 எதுவும் இருக்காது. வெற்றிப் புள்ளி மட்டும் கொடுப்பதே நியாயமான ஏற்பாடு. பூட்டுக்கு முன் விலகியவருக்கு மாற்று ஆள் எடுக்க அனுமதி இருக்க வேண்டும், பூட்டியபின் கூடாது.

சீசன் முழுக்க ஆட விரும்புபவர்களுக்கு பிரீமியர் லீக் போட்டியைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும். எட்டே வீரர்கள், பதினாறு இரவுகள். ஒவ்வோர் இரவும் ஒரு சின்ன நாக்-அவுட். வென்றவருக்கு 5, இறுதியில் தோற்றவருக்கு 3, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 2 என்று லீக்கே புள்ளி கொடுக்கிறது; பேண்டஸி நடத்துபவர் அதையே எடுத்துக்கொண்டால் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரு வாரம் சொதப்பினாலும் அடுத்த வியாழன் எட்டுப் பேரும் திரும்ப வருவார்கள். அணி மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருந்தால் 8-ஆம் இரவையும் 16-ஆம் இரவையும் மனதில் வையுங்கள். மற்ற இரவுகளின் காலிறுதி ஜோடிகள் முன்பே தெரியும். இந்த இரண்டு இரவில் மட்டும் ஜோடிகள் புள்ளிப் பட்டியலை வைத்து, முதலிடத்துக்கு எதிரே எட்டாமிடம் என்று அமையும். முந்தைய வியாழன் ஆட்டம் முடிந்த பிறகே அது தெரியவரும்; அதுவரை கையில் இரண்டு மாற்றமாவது மிச்சம் வைத்திருங்கள்.