முத்திரை இல்லாத பழைய பீங்கான் தட்டு: பூவை நம்பலாமா, அடியை நம்பலாமா, ஆய்வகத்தை நம்பலாமா?

பின்புறத்தில் முத்திரையோ எழுத்தோ இல்லாத பழைய தட்டின் வயதையும் ஊரையும் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. மேலே உள்ள சித்திரத்தை வைத்துத் தேடலாம், தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படிக்கலாம், ஆய்வகத்துக்கு அனுப்பலாம். படம் எடுத்துத் தேடினால் உடனே பதில் கிடைப்பதால் பலரும் முதல் வழியில்தான் இறங்குகிறார்கள். என் கணக்கில் மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

நீல வில்லோ சித்திரத்தையே பாருங்கள்: பாலம், வில்லோ மரம், இரண்டு பறவைகள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனப் பாணியைப் பார்த்து இங்கிலாந்தில் உருவானது. பிறகு இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழில் வட்டாரமான ஸ்டாஃபோர்ட்ஷயரின் பட்டறைகள் பலவும், ஜப்பானும் அமெரிக்காவும் அதையே அச்சிட்டன, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. தட்டு இந்தக் காலத்துக்கு முந்தியதல்ல என்பதற்கு மேல் சித்திரம் எதையும் சொல்லாது.

ஆனால் அந்தச் சித்திரம் எப்படி ஏறியிருக்கிறது என்பது நிறையச் சொல்லும். பத்து மடங்கு லென்ஸ் போதும். செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து ஒட்டிய பழைய அச்சில் கோடுகளும் குத்துப்புள்ளிகளும் தெரியும். விளிம்புச் சித்திரத்தைச் சுற்றிக்கொண்டே வாருங்கள்: தாளின் இரு முனைகள் சேரும் இடத்தில் ஒரு கொடி பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்த துண்டோடு ஒட்டாமல் நிற்கும். அதற்குப் பதிலாக வரிசை தவறாத சீரான புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் அது 20ஆம் நூற்றாண்டு வேலை.

இனி அடிப்பக்கம். என் ஓட்டு இதற்குத்தான். மேற்பரப்பை அழகாக்கிய கைகள் அடியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டன. அடிவளையத்தின், அதாவது தட்டு ஊன்றி நிற்கும் வட்ட விளிம்பின், உள்மூலையில் மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) தேங்கி நிற்கும் இடத்தைப் பாருங்கள். இளமஞ்சளோ வெளிர்பச்சையோ தெரிந்தால் 1760களில் ஆங்கிலக் குயவர் வெட்ஜ்வுட் பிரபலமாக்கிய கிரீம்வேர் என்ற மட்பாண்ட வகையாக இருக்கலாம். நீலம் தெரிந்தால் பேர்ல்வேர் என்ற இன்னொரு மட்பாண்ட வகை. மெருகில் சேர்த்த கோபால்ட்தான் காரணம். அதை வெட்ஜ்வுட் 1779இல் சந்தைக்குக் கொண்டுவந்தார், 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை பலரும் செய்தார்கள். சூளையில் தட்டைத் தாங்கிய முக்காலியின் சிறு வடுக்களும் இந்த ஆங்கிலத் தட்டுகளில் தென்படும். ஏற்றுமதிக்குச் செய்த சீனத் தட்டில் அடிவளையம் மெருகில்லாமல் வெறுமையாக, மெருகு முடியும் ஓரத்தில் துருநிறத்தோடு, சில சமயம் சூளை மணல் ஒட்டி இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரல் நிழல் தெரிந்தால் அது பீங்கான். மட்பாண்டம் ஒளியை விடாது.

மெருகில் ஓடும் விரிசல் வலையை வயதுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். நம்பாதீர்கள், புதுத் தட்டிலும் அது வரும். ‘முத்திரை இல்லை, எனவே 1891க்கு முந்தியது’ என்ற வாதமும் அப்படித்தான். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது அமெரிக்காவுக்குப் போன சரக்கை மட்டுமே கட்டுப்படுத்தியது.

ஆய்வகத்தில் வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணிக்கும். ஆனால் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும், பிழையும் 20 விழுக்காட்டைத் தொடலாம். 200 ஆண்டுத் தட்டில் அது 40 ஆண்டு! கல்லறைச் சிலைக்குச் சரி, சாப்பாட்டுத் தட்டுக்கு வீண். பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை மேல்: துளை வேண்டாம். குரோமியம் 1797இல் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம். 1760ஆம் ஆண்டுத் தட்டு என்று சொல்லப்படுவதன் பச்சையில் அது இருந்தால், தட்டு பழையதாகவே இருந்தாலும் பூ பின்னால் வரைந்தது.

அடிப்பக்கம் தருவது ‘ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரம், 1790 முதல் 1820க்குள்’ என்ற அளவிலான பதில். பட்டறையின் பெயர் வேண்டுமானால், முத்திரையுள்ள இன்னொரு தட்டோடு அடிவளையத்தின் வெட்டும் விளிம்பின் வார்ப்பும் பொருந்த வேண்டும். அல்லது சூளை இருந்த இடத்தில் தோண்டியெடுத்த சில்லுகளோடு பொருந்த வேண்டும். இரண்டும் இல்லாமல் புகழ்பெற்ற ஆங்கிலப் பட்டறையான ஸ்போடு செய்தது என்று விற்றால், அந்தப் பெயருக்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.