யார்க் நகரில் இரண்டு மணி நேரம்: ஊர்க்காரர்களே காட்டும் ஊர்

வட இங்கிலாந்தில் யார்க் போகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே ஊரைக் காட்டும் இலவச நடைச்சுற்றுக்குப் போய்விடுங்கள். நாங்கள் இரண்டாம் நாள்தான் போனோம், அதனால் முதல் நாள் பார்த்ததை எல்லாம் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. யார்க் தன்னார்வ வழிகாட்டிகள் சங்கம் நடத்தும் நடைச்சுற்றைத்தான் சொல்கிறேன். 1951-லிருந்து நடத்துகிறார்கள். கலைக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் எக்ஸிபிஷன் சதுக்கத்தில் காலை 10:15-க்குப் போய் நின்றால் போதும், கட்டணம் கிடையாது, முடிவில் நாமாகக் காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இலவசம் என்று கூட்டிப்போய்க் கடைசியில் கையை நீட்டும் சுற்றுகளைப் பல ஊர்களில் பார்த்திருப்பதால் எனக்கு நம்பிக்கை வரவே நேரம் பிடித்தது. முந்தின நாள் மாலை வேறொரு கட்டணச் சுற்றில் போயிருந்தோம், பெயர் வேண்டாம், மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு நாற்பது நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சதுக்கத்தில் நிற்கும் வில்லியம் எட்டி என்ற ஓவியரின் சிலையிலிருந்தே ஆரம்பித்தார். 1800-ல் நகராட்சி, ஊரைச் சுற்றியிருக்கும் பழைய கோட்டை மதிலை இடித்துவிட அனுமதி கேட்டிருக்கிறது, எதிர்ப்பு வலுத்ததால் அது நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த சில பத்தாண்டுகளில் கோட்டை வாசல்களுக்கு முன்னால் இருந்த காவல்கட்டுகளை ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளினார்கள், இன்று வால்ம்கேட் பார் என்ற வாசலில் மட்டும்தான் அது மிச்சம். மற்றதையாவது விட்டுவையுங்கள் என்று போராடியவர்களில் எட்டியும் ஒருவர். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா தெருவுக்கு எதிரே இருந்த பூதம் பார் என்ற கோட்டை வாசலைக் கைகாட்டினார். நான் முந்தின நாள் அதன் அடியில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன், அதைக் காப்பாற்ற மனிதர்கள் சண்டை போட வேண்டியிருந்தது என்பது தெரியாமலே.

அப்புறம் அருங்காட்சியகத் தோட்டத்துக்குள் போனோம். அங்கே பலகோணக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது, ரோமர் கோட்டையின் மேற்கு மூலை. ரோமர்கள் கி.பி. 71-ல் இங்கே கோட்டை கட்டி எபோரகம் என்று பெயர் வைத்தார்கள். 306-ல் கான்ஸ்டன்டைனைப் பேரரசராகப் படைவீரர்கள் அறிவித்ததும் இந்த ஊரில்தான். அதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள் என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிது. கீழே சின்னச் சின்னதாக வெட்டிய கற்கள், நடுவே சிவப்பு ஓடுகள் ஒரு நாடா போல ஓடுகின்றன, அது ரோமர் வேலை. அதற்கு மேலே கற்கள் சட்டென்று பெரிதாகின்றன, அம்பு விடும் பிளவுகள் வருகின்றன, அது பல நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் ஏற்றிக் கட்டியது. கை வைத்துப் பார்க்கும் உயரத்தில் ஆயிரத்து எழுநூறு வருஷத்துக் கல். சில்லென்று இருந்தது, கையை எடுக்க மனமே வரவில்லை.

தெருப் பெயர்களையும் அவர்தான் புரியவைத்தார். 866-ல் வைகிங்குகள் ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் வாயில் ஊர்ப்பெயர் யோர்விக் ஆனது. அவர்கள் மொழியில் காட்டா என்றால் தெரு, அதனால்தான் இங்கே பல தெருப் பெயர்கள் கேட் என்று முடிகின்றன. நிஜமான கோட்டை வாசலுக்கோ பார் என்று பெயர். மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. காப்பர்கேட்டில் செம்பு எதுவும் கிடையாது, அது மரத்தில் கிண்ணம் கடைபவர்கள் இருந்த தெரு. 1970-களில் அங்கே தோண்டியபோது வைகிங் காலத்து வீடுகளும் பட்டறைகளும் வெளியே வந்தன.

மதில் மேல் ஏறி மின்ஸ்டர் பேராலயத்தின் பின்பக்கமாக நடக்கும் பகுதிக்காகவே இன்னொரு முறை போவேன். ஒருபக்கம் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே அந்தப் பிரம்மாண்டமான கோபுரங்கள். கிழக்கு ஜன்னலின் கண்ணாடி ஓவியம் 1405-லிருந்து 1408-க்குள் ஜான் தார்ன்டன் செய்தது, ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதான அளவு. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1644-ல் முற்றுகைக்குப் பிறகு ஊர் நாடாளுமன்றப் படையிடம் வீழ்ந்தது. அந்தப் படையினர் பல ஊர்களில் தேவாலயக் கண்ணாடிகளை உடைத்தவர்கள், ஆனால் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் யார்க்ஷயர்க்காரர், இங்கே அதற்கு இடம் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போல ஒரு பெருமை.

ஷாம்பிள்ஸ் தெருவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், கூட்டம் நெரிகிறது. கசாப்புக் கடைத் தெருவாக இருந்தபோது இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன, அண்ணாந்து பாருங்கள். என் மகனுக்குப் பிடித்தது சாக்லேட் கதை. கிட்காட் 1935-ல் இந்த ஊர் ரவுன்ட்ரீ ஆலையில் பிறந்தது, அப்போது அதற்குச் சாக்லேட் கிரிஸ்ப் என்று பெயர். காற்று திசை மாறினால் பள்ளிக்கூடம் வரைக்கும் சாக்லேட் வாசம் வரும் என்று அந்த அம்மா சொன்னார். முடிவில் அவன் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டினான், அவர் அவன் விரல்களை மடக்கி நோட்டை உள்ளேயே வைத்துவிட்டார்.

கிளிஃபோர்ட் கோபுரத்துக்குத் தனியாகப் போங்கள், 1190-ல் சுமார் 150 யூதர்கள் கும்பலுக்குப் பயந்து அங்கிருந்த மரக்கோட்டைக்குள் ஒளிந்து மாண்ட மேடு அது, அவசரமாகப் பார்க்கிற இடம் இல்லை. சுற்றுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், மதில் படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும். குழந்தை தள்ளுவண்டி அங்கே ஏறாது.