வால்மார்ட் போன பிறகு: மக்டவல் கவுன்டிக்கு எந்தக் கடை?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தெற்குக் கோடியில் இருக்கிறது மக்டவல் கவுன்டி. கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. நிலக்கரிச் சுரங்கங்கள் மும்முரமாக ஓடிய 1950இல் அங்கே கிட்டத்தட்ட 99,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19,111 பேர். சுரங்கம் மூட வேலை போனது, வேலை போக ஆட்கள் போனார்கள், பின்னாலேயே கடைகளும் போயின. 2016 ஜனவரியில் கிம்பல் என்ற சிற்றூரில் இருந்த வால்மார்ட் சூப்பர்மார்க்கெட்டும் கதவைச் சாத்தியது. அடுத்த வால்மார்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்.

இன்றைய அமெரிக்க உணவு உதவித் திட்டம் தொடங்கியதே இந்தக் கவுன்டியில்தான். 1961 மே 29 அன்று, பேயின்ஸ்வில் ஊரைச் சேர்ந்த மன்சி தம்பதி, 15 பேர் கொண்ட தங்கள் குடும்பத்துக்காக 95 டாலருக்கு உணவு முத்திரைகள், அதாவது கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து உணவு வாங்கும் சீட்டுகள், வாங்கினார்கள். அதைக் கொண்டு சூப்பர்மார்க்கெட்டில் முதலில் எடுத்தது பன்றி இறைச்சி கலந்த ஒரு டின் பீன்ஸ். இன்று முத்திரைக்குப் பதில் அட்டை வந்துவிட்டது. மாதாமாதம் அதில் பணம் ஏறிவிடும். ஆனால் அந்த அட்டையைத் தேய்க்கப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறதா என்பது அந்தத் திட்டத்தின் கவலை இல்லை. 1961இல் அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இன்று பட்டே ஆக வேண்டும்.

கிராமப்புறத்தில் சூப்பர்மார்க்கெட் 10 மைலுக்கு, அதாவது 16 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அந்த இடத்தை உணவு கிடைப்பது அரிதான பகுதி என்று அமெரிக்க வேளாண் துறை கணக்கிடுகிறது. ‘உணவுப் பாலைவனம்’ என்று பேச்சில் சொல்வது இதைத்தான். இந்த மாதிரி இடங்களுக்கு நான்கு தீர்வுகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன: பெரிய சூப்பர்மார்க்கெட், டாலர் கடை (மலிவுச் சாமான்களைச் சின்னப் பாக்கெட்டில் விற்கும் சிறு கடை), ஊரே நடத்தும் கடை, வீடு தேடி வரும் சரக்கு. விலை, காய்கறி எல்லாம் பார்க்க வேண்டியதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: வியாபாரம் மந்தமாகும் வருஷத்தில் கடையை மூடலாமா என்று முடிவு செய்கிற ஆள் எங்கே இருக்கிறார்?

முதலில் பெரிய கடை. கிம்பல் வால்மார்ட் 2005இல் வந்தது. விலை மலிவு, பழம் காய்கறி தாராளம், அதோடு ஏறத்தாழ 140 பேருக்கு வேலை. விற்காமல் மிஞ்சிய உணவு உள்ளூர் இலவச உணவு மையத்துக்கும் போனது. 11 வருஷம் கழித்து, உலகம் முழுக்க 269 கடைகளை மூடும் பட்டியலில் கிம்பலின் பெயரும் வந்தது. பட்டியல் போட்டவர்கள் ஆர்கன்சாவில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள். கடை மூடியதில் வேலையும் மருந்துக்கடையும் உணவு மையத்துக்கு வந்துகொண்டிருந்த சரக்கும் ஒரே மூச்சில் போயின. மக்கள்தொகை இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு இன்னொரு பெரிய கடை தானாக வரப்போவதில்லை. வரிச்சலுகை கொடுத்து அழைத்தாலும், சலுகை தீர்ந்ததும் அதே பட்டியல் திரும்ப வரும். இதற்காகக் காத்திருப்பதை நான் வீண் என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பைக் கேட்க வேண்டும். 2019இல் வெளியான ஒரு பெரிய பொருளாதார ஆய்வு, புதிய சூப்பர்மார்க்கெட் திறந்தாலும் மக்கள் வாங்கும் உணவின் தரம் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. ஏழைகளுக்கும் பணக்காரர்களுக்கும் நடுவே உள்ள சத்துணவு வித்தியாசத்தில் சுமார் 10 சதவீதத்துக்குத்தான் கடை இல்லாதது காரணம் என்பது அதன் முடிவு. அப்படியானால் கடையே தேவையில்லையா? அந்த ஆய்வு பார்த்தது கூடையில் என்ன இருக்கிறது என்பதை. அந்தக் கூடையை நிரப்ப எவ்வளவு பெட்ரோல் செலவானது, கார் இல்லாத கிழவி யாரிடம் கைமாற்றுக் கேட்டு வண்டி பிடித்தாள் என்பதெல்லாம் அதில் வராது. தூரத்துக் கடையில் வாங்கிய அதே சாமானைப் பக்கத்துக் கடையில் வாங்க முடிந்தாலே அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். கடை வந்தால் சர்க்கரை நோய் குறைந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது டாலர் கடை. டாலர் ஜெனரல் நிறுவனத்துக்கு இப்போது அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்ட கடைகள். மற்ற கடைகள் எட்டிப் பார்க்காத ஊர்களில்கூட மஞ்சள் பலகை தெரியும். உள்ளே போனால் ஒரு சுவர் நிறைய கண்ணாடிக் கதவுப் பெட்டிகள். பால், முட்டை, ஹாட்டாக், உறைந்த பீட்சா. மறுபக்கம் சிப்ஸ், சோடா, டின் சூப், சலவைத்தூள். அட்டையும் செல்லும், தூரமும் குறைவு. இதை அலட்சியமாகப் பேசுபவர்கள், மாதக் கடைசியில் ஒரு பால் டப்பாவுக்காக மலை இறங்க வேண்டியிருக்கும் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீடுகளுக்கு டாலர் கடை உண்மையிலேயே உதவுகிறது.

ஆனால் அது எடுத்துக்கொள்வதும் நிறைய. பாக்கெட் சிறிதாக இருப்பதால் கையிலிருந்து போகும் காசு குறைவாகத் தெரியும்; எடைக்கு எடை பார்த்தால் பல சாமான்களுக்கு விலை கூடுதல். பல கிளைகளில் இப்போது காய்கறி வைக்கிறார்கள், எல்லாக் கிளையிலும் இல்லை. இதைவிட மோசம், பக்கத்து மளிகைக்கடைக்கு நேர்வது. சோப்பு, டிஷ்யூ, டின் சாமான் இவற்றில் வரும் லாபத்தை வைத்துத்தான் மளிகைக்காரர் அழுகிப்போகும் தக்காளியின் நஷ்டத்தைத் தாங்குகிறார். அந்த லாபச் சரக்கை மட்டும் டாலர் கடை தட்டிக்கொண்டு போகிறது. கிராமப்புறத்தில் டாலர் கடை நுழைந்தபின் தனியார் மளிகைக்கடைகளின் விற்பனை சராசரியாக 9 சதவீதம் போலக் குறைந்தது என்று வேளாண் துறையின் ஆய்வே சொல்கிறது. அமெரிக்க மளிகை வியாபாரத்தில் 100 டாலர் விற்றால் செலவு போகக் கையில் நிற்பது 2 டாலருக்கும் குறைவு. அதில் 9 சதவீத விற்பனை போனால் எத்தனை கடை தாங்கும்?

மூன்றாவது, ஊரே நடத்தும் கடை. இதற்கு கான்சஸ் மாநிலத்தின் நியோஷோ கவுன்டியைப் பார்க்கலாம். அங்கே செயின்ட் பால் என்ற ஊர். மக்கள் சுமார் 600 பேர். 1985இல் கடை மூடியபின் 20 வருஷத்துக்கு மேல் ஊரில் மளிகையே இல்லை. 2008இல் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு கடையைத் திறந்தார்கள். 2013இல் நகராட்சி அதை முழுதாக ஏற்றுக்கொண்டது. ஊர்க் குடிநீரைப் பராமரிக்கும் அதே நகராட்சிதான் கடைக்கும் பொறுப்பு. அதே கவுன்டியில் சுமார் 1,000 பேர் வாழும் ஈரி நகரமும் கொரோனா காலத்தில் தன் ஒரே மளிகைக்கடையை விலைக்கு வாங்கியது. ஆனால் அது நஷ்டத்தில் ஓடியது; பிறகு குத்தகைக்கு விடும்படி ஆனது. ஃபுளோரிடாவின் பால்ட்வின் 2019இல் திறந்த நகராட்சிக் கடையை 2024இல் மூடிவிட்டது.

ஆக, ஊர்க்கடை என்றதும் எல்லாம் சரியாகிவிடாது. இந்த மாதிரிக் கடைகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால் இரண்டு இடம் தெரியும். ஒன்று, ஊர்க்காரர்கள் வாரச் சாமானை எல்லாம் வேலைக்குப் போகிற பெரிய ஊரில் வாங்கிவிட்டு, மறந்துபோன ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் மட்டும் உள்ளூர்க் கடைக்கு வருவார்கள். இன்னொன்று கொள்முதல். மொத்த வியாபாரி வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு சரக்கு எடுத்தால்தான் லாரி அனுப்புவார். சின்னக் கடை அந்த அளவைத் தொடாது. தொட்டாலும் வால்மார்ட்டுக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. இப்படிப் பெரிய கடைக்கு ஒரு விலை, சின்னக் கடைக்கு ஒரு விலை என்று போடுவதைத் தடுக்கத்தான் 1936இல் ராபின்சன்–பேட்மன் சட்டம் வந்தது. சட்டம் இன்னும் இருக்கிறது. 1980களிலிருந்து அரசு அதைப் பெரும்பாலும் தூங்கவிட்டுவிட்டது. அப்புறம் மின்கட்டணம். பழைய குளிர்பெட்டிகள் இரவு பகலாக ஓட வேண்டும்.

அரசு மளிகைக்கடை நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்காக உலகம் முழுக்க 200க்கும் மேற்பட்ட மளிகைக்கடைகளை நடத்துகிறது. வெளிக்கடைகளைவிடக் குறைந்த விலை போட்டு, அதன்மேல் 5 சதவீதக் கட்டணம் கூட்டி விற்கிறது. மீதிச் செலவுக்கு வரிப்பணம். அவற்றை லாபத்தை வைத்து யாரும் அளப்பதில்லை. ராணுவ வீரருக்குச் சரி என்றால் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்தவருக்கும் சரிதான்.

கொள்முதல் சிக்கலுக்கு வடக்கு டகோட்டாவின் வால்ஷ் கவுன்டி ஒரு வழி காட்டியிருக்கிறது. பார்க் ரிவர், ஹூப்பிள், எடின்பர்க் ஆகிய மூன்று ஊர்க் கடைகளும் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே ஆர்டராகச் சரக்கு எடுக்கின்றன. ஆளுக்கொரு லாரிக்குக் கெஞ்சாமல் ஒரே லாரியில் வந்ததைப் பிரித்துக்கொள்கிறார்கள். நான்கு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் ஓட்டு இதற்குத்தான்: ஊர் கையில் இருக்கும் கடை, கூட்டாகக் கொள்முதல்.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆன்லைனில் மளிகை வாங்க உணவு உதவிப் பணத்தைப் பயன்படுத்தும் சோதனை 2019இல் நியூயார்க்கில் தொடங்கி இப்போது எல்லா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணத்தை அந்தப் பணத்தில் கட்ட முடியாது. மலை இடுக்கில் இணையமே தடுமாறும் வீட்டுக்கு இது எட்டாக்கனி. நடமாடும் உணவு வண்டிகளும் இலவச உணவு மையங்களும் அவசரத்துக்கு இல்லாமல் முடியாது. 2025 பிப்ரவரியில் மக்டவலை வெள்ளம் புரட்டியபோது அப்படிப்பட்ட உதவிதான் முதலில் தேவைப்பட்டது. மற்ற நாட்களில் மாதத்துக்கு ஒருமுறை வரும் வண்டியை நம்பி ஒரு வீடு சமைக்க முடியாது.

மக்டவலில் இன்னும் தாக்குப்பிடிக்கும் தனியார் மளிகைக்கடைகள் உண்டு. அவற்றுக்கு எதிரே புதிதாக நகராட்சிக் கடை திறந்தால் இருப்பதும் போய்விடும். முதலில் அந்தக் கடைகளை ஒரே கொள்முதலில் சேர்க்க வேண்டும், குளிர்பெட்டி மாற்ற மானியம் தர வேண்டும். உரிமையாளருக்கு வயதாகி, பிள்ளைகள் கடையை எடுத்து நடத்த மாட்டோம் என்று சொல்லும்போது நகராட்சி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பேச்சைக் கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும். மூடிய பிறகு போனால் குளிர்பெட்டிகள் விற்றுப்போயிருக்கும், வேலை தெரிந்தவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், மொத்த வியாபாரி அந்த ஊர்ப் பக்கம் லாரியை விடுவதையே நிறுத்தியிருப்பார்.