பழைய ஏர்கூல்டு என்ஜினுக்கு ஆயில் கூலர்: எந்த வழியில் இணைப்பது?

காற்றால் குளிரும் (ஏர்கூல்டு) என்ஜின் கொண்ட பழைய பைக்குக்கு ஆயில் கூலர், அதாவது என்ஜின் ஆயிலைக் குளிரவைக்கும் சிறு ரேடியேட்டர், மாட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தால், அதில் ஆயில் ஓடும் அடுக்குகள் எத்தனை வரிசை, எந்தக் கம்பெனி, ஹோஸ் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் விவாதம் நீள்கிறது. என்னைக் கேட்டால் அவையெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. ஆயில் ஓடும் பாதையில் கூலரை எந்த இடத்தில் நுழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலனும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒரே கூலர் ஓர் என்ஜினைக் காப்பாற்றும். தவறான இடத்தில் சேர்த்தால் இன்னொன்றின் பேரிங்கைத் தின்றுவிடும்.

வாங்கும் முன் ஆயிலின் சூட்டை அளந்து பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் இருக்கும் இடத்தில் பொருத்தும் தெர்மாமீட்டர் போதும். ஓடிச் சூடான என்ஜினில் ஆயில் 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலையே இல்லை. மலையேற்றத்தில் சிறிது நேரம் 120ஐத் தொட்டாலும் நல்ல ஆயில் தாங்கும். 130ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால்தான் கூலர் பற்றி யோசிக்க வேண்டும். ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: டேங்கிலோ சம்பிலோ (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடம்) நாம் அளப்பது எல்லாம் கலந்து தணிந்த சூடு. பேரிங்கைத் தொட்டு வெளியேறும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும்.

கூலரே இல்லாமல்

இதையும் ஒரு போட்டியாளராகவே நிறுத்துகிறேன், ஏனென்றால் பல பைக்குகளில் வெல்வது இதுதான். கார்புரேட்டரில் மிக்ஸர் மெலிந்திருந்தால் (காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்திருந்தால்), இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால், என்ஜினின் குளிர்விக்கும் தகடுகளான ஃபின்களுக்கு இடையில் சேறும் தடித்த பெயின்டும் அடைத்திருந்தால் எந்த என்ஜினும் கொதிக்கும். அந்தச் சூடு முதலில் ஏறுவது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் பக்கத்திலும். ஆயில் அதில் ஒரு பங்கைத்தான் சுமந்து வருகிறது. ஆகவே கூலர் மாட்டியதும் ஆயில் மீட்டர் இறங்கும், நோய் அப்படியே இருக்கும். மெலிந்த மிக்ஸரால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கப் போகும் என்ஜினை எந்தக் கூலரும் தடுக்காது.

ஒரு சிலிண்டர் கொண்ட, நிதானமாக ஓட்டப்படும் பழைய புல்லட் போன்ற பைக்குக்கு நான் கூலரைப் பரிந்துரைக்க மாட்டேன். டியூனிங்கைச் சரிசெய்து, ஃபின்களைச் சுத்தம் செய்து, சரியான கிரேடு ஆயிலை உரிய நேரத்தில் மாற்றினாலே மீட்டர் அடங்கிவிடும். சிந்தெடிக் ஆயில் சூட்டைக் குறைக்காது, ஆனால் அதே சூட்டை நீண்ட நாள் தாங்கும். கிளட்ச்சும் அதே ஆயிலில் நனையும் என்ஜின் என்றால் டப்பாவில் அத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாஸோ எம்ஏ குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையேல் கிளட்ச் வழுக்கும்.

ரிட்டர்ன் லைனில் கூலர்

டிரை சம்ப் என்ஜின்களுக்கு, அதாவது ஆயிலுக்குத் தனி டேங்க் வைத்திருக்கும் டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் இரட்டைச் சிலிண்டர்களுக்கு, இதுதான் என் முதல் தேர்வு. இந்த என்ஜின்களில் ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை பேரிங்குக்கு அனுப்பும். மற்றொன்று கிரான்க் அறையின் அடியில் சேர்வதை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பும். திருப்பும் அந்தக் குழாயில் கூலரை வைக்கிறோம். 1968இல் வந்த டிரையம்ப் டிரைடென்ட், பி.எஸ்.ஏ. ராக்கெட் 3 ஆகிய மூன்று சிலிண்டர் பைக்குகள் ஆயில் கூலரோடுதான் விற்பனைக்கு வந்தன. அந்தக் கால என்ஜினுக்கு இது ஒவ்வாத நவீன ஒட்டு என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

இந்த இடத்தின் பெரிய பலம் பாதுகாப்பு. ரிட்டர்ன் லைனில் அழுத்தம் மிகக் குறைவு. ஹோஸ் கழன்றாலும் பின்சக்கரத்தில் ஆயில் தெறிக்கலாம் என்ற அபாயம் உண்டே தவிர, டேங்க் காலியாகும் வரை பேரிங்குக்கு ஆயில் போய்க்கொண்டிருக்கும். கவனித்து நிறுத்த நேரம் கிடைக்கும்.

பலவீனம் இரண்டு. உறிஞ்சும் பம்ப் வேண்டுமென்றே பெரிதாகச் செய்யப்பட்டது, அதனால் அது ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. கூலருக்குள் போவது நுரை கலந்த ஆயில், நுரை சூட்டைச் சரியாகக் கடத்தாது. கூலரின் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் காற்று மேலே தங்கி, பாதி கூலர் வெறும் அலங்காரமாகிவிடும். வாய்கள் மேலே இருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் கீழே நுழைந்து மேலே வெளியேறுமாறு அமைய வேண்டும்.

மற்றது குளிர்ந்த ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது தடித்திருக்கும் ஆயிலுக்கு கூலரின் குறுகிய வழி பெரிய தடை. பம்ப் தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்ப முடியாமல் கிரான்க் அறையிலேயே ஆயில் தேங்கும். சைலன்சரில் நீலப் புகையும், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதரில் ஆயிலும் வரும். சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருந்தால் சூடாகும் வரை ஆயில் கூலருக்குள் நுழையாமல் குறுக்கு வழியில் போய்விடும், இந்தச் சிக்கலே எழாது.

டிரையம்ப் இரட்டைச் சிலிண்டர்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவற்றில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ராக்கர்களுக்கான ஆயில், டேங்குக்கு அருகே ரிட்டர்ன் லைனிலிருந்து பிரியும் ஒரு கிளையில்தான் போகிறது. கூலரை அந்தப் பிரிவுக்குப் பின்னால் வைத்தால் கூலரின் தடை காரணமாக ராக்கர் பக்கம் அளவுக்கு மீறி ஆயில் ஏறும், வடிய வழி போதாமல் வால்வ் கைடு வழியே எரிப்பறைக்குள் இறங்கும். பிரிவுக்கு முன்னால், அதாவது என்ஜின் பக்கம் வைப்பதே சரி. ராக்கருக்கும் தணிந்த ஆயில் போகும், அளவும் மாறாது.

ஃபில்டர் வழியாக, முழு ஓட்டத்தில்

வெட் சம்ப் என்ஜின்களில், அதாவது தனி டேங்க் இல்லாமல் ஆயில் என்ஜினின் அடியிலேயே இருப்பவற்றில், குறிப்பாகப் பெரிய ஜப்பானிய நான்கு சிலிண்டர்களில், திரும்பி வரும் குழாய் என்று ஒன்று வெளியே இருக்காது. அங்கே ஃபில்டர் இருக்குமிடம்தான் இயல்பான வாசல். ஃபில்டர் திருகிப் பூட்டும் வகை என்றால் அதற்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு சான்ட்விச் பிளேட் வைத்து, பம்ப் தள்ளும் ஆயில் முழுவதையும் கூலருக்குத் திருப்பலாம். பி.எம்.டபிள்யூ ஆர்100 ஆர்எஸ் போன்ற பாக்ஸர்களில் (இரு சிலிண்டர்கள் எதிரெதிராகக் கிடக்கும் என்ஜின்களில்) ஃபில்டர் மூடியிலிருந்தே கூலருக்கு வழி எடுத்ததும் இதே எண்ணத்தில்தான்.

குளிரவைக்கும் திறனில் இதற்கு ஈடு இல்லை, கணக்கு போட்டாலே தெரியும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆயில் ஓடி, கூலரில் 10 டிகிரி தணிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிலின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் ஏறத்தாழப் பாதிதான். அப்படியிருந்தும் சுமார் 1.4 கிலோவாட் சூடு வெளியே போகிறது. நுரையும் கிடையாது, ஆயில் அடர்த்தியாகவே வரும்.

ஆனால் இங்கே ஹோஸ் உடைந்தால் சில நொடிகளில் பேரிங் வறண்டுவிடும். கிளிப் போட்டு இறுக்கும் ரப்பர் ஹோஸுக்கு இங்கே இடமில்லை. அழுத்தம் தாங்கும் ஹோஸ், திருகி இறுக்கும் ஃபிட்டிங், வைப்ரேஷனில் உரசாத பாதை மூன்றும் கட்டாயம். தடையும் கணக்கில் வர வேண்டும். 1972இல் அறிமுகமான கவாசாகி இசட்1 போன்ற ரோலர் பேரிங் கிரான்க் உள்ள என்ஜின்கள் இயல்பாகவே குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. அவற்றில் மெல்லிய ஹோஸும் குறுகிய பேஞ்சோ போல்ட்டும் (நடுவே ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) ஓட்டத்தை எளிதில் நெரித்துவிடும். உள்விட்டம் 3/8 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சான்ட்விச் பிளேட் ஃபில்டரைக் கொஞ்சம் வெளியே தள்ளும், அது எக்ஸாஸ்ட் பைப்பில் முட்டுகிறதா என்பதை வாங்கும் முன்பே அளந்துவிடலாம்.

கேலரியிலிருந்து சிறு குழாய், ஹெட்டுக்கு

கேலரி என்பது பம்பிலிருந்து பேரிங்குகளுக்கு ஆயில் போகும் என்ஜினின் உள்வழி. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையிலோ கேலரி பிளக்கிலோ ஒரு கிளை எடுத்து, கூலர் வழியே ஹெட்டில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கு அனுப்புவது இந்த முறை. மாட்டுவது சுலபம், பார்க்கவும் அழகு, அதனால்தான் இதற்கு இத்தனை ரசிகர்கள். கூலர் என்ற முறையில் நான்கில் கடைசி இடம் இதற்குத்தான். அந்த மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் போகிறது என்றால், 10 டிகிரி தணிவுக்குக் கிடைப்பது 300 வாட்டுக்கும் குறைவு. மெதுவாக ஓடுவதால் இரு மடங்கு தணியலாம், அப்போதும் முழு ஓட்டத்தின் பக்கத்தில் வராது. அந்த ஆயிலும் கிரான்க் பேரிங்கின் பங்கிலிருந்து பிடுங்கியது.

ஆயிலாலேயே ஹெட்டைக் குளிர்விக்க முடியும் என்பதற்குச் சிலர் சுஸுகியைச் சுட்டுவார்கள். 1985இன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 உண்மையிலேயே அதைச் செய்தது. ஆனால் அதில் உயவுக்கு ஒன்று, ஹெட்டைக் குளிர்விக்க ஒன்று என்று பம்பே இரு பிரிவாக இருந்தது. பெருமளவு ஆயில் எரிப்பறையின் மேற்பகுதியில் நேரடியாகப் பாய்ந்தது. தொடக்கத்திலிருந்தே அதற்கென்று வடிவமைத்த என்ஜின் அது. கேலரியில் போட்ட ஒரு துளை அந்த வேலையைச் செய்யாது.

கூலரும் அதன் இடமும்

குழாயும் ஃபின்னும் கொண்ட பழைய வகையில் தடை குறைவு, குளிர்விப்பதும் குறைவு. தகடுகளை அடுக்கிய வகை அதே அளவில் கூடுதலாகக் குளிர்விக்கும், ஆனால் ஆயிலுக்குத் தடை அதிகம். ரிட்டர்ன் லைனுக்கு முதலாவதையும் முழு ஓட்டத்துக்கு இரண்டாவதையும் எடுப்பேன். அளவில் பேராசை வேண்டாம். லிட்டர் (1000 சிசி) என்ஜினுக்கே 10 வரிசை போதும்.

ஹெட்டுக்கு நேர் எதிரே கூலரைத் தொங்கவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் அநியாயம். ஃபின்களுக்கு வர வேண்டிய காற்றைத் தடுத்து, மிஞ்சியதையும் சூடாக்கி அனுப்புகிறது அது. ஆயில் மீட்டர் இறங்கும், ஹெட்டின் சூடு ஏறும். ஸ்டியரிங் தலைக்குக் கீழே, ஹெட்டின் மட்டத்துக்கு மேலே, ஃபோர்க் முழுவதும் அமுங்கினாலும் மட்கார்டு தொடாத இடத்தில் ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். நெரிசலில் நின்றுவிட்டால் எந்தக் கூலரும் பெரிதாக உதவாது, காற்று அசைந்தால்தான் அதற்கு வேலை.

தெர்மோஸ்டாட் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் ஆம்தான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்கு வந்து சேரும். ஆயில் போதுமான அளவு சூடாகாவிட்டால் அந்த ஈரம் வெளியேறாது. ராக்கர் மூடியைத் திறந்தால் வெண்ணிறக் குழம்பு ஒட்டியிருக்கும், உள்ளே அமிலமும் சேரும். 80 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட் இதைத் தவிர்க்கிறது. அதை வைக்க இடமில்லாத பைக்கில், குளிர்காலத்தில் கூலரின் முகத்தை மூடி ஓட்டுவதாவது நல்லது.

மாட்டி முடித்ததும் கூலருக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ஜினைச் சுழற்றுங்கள். டிரை சம்ப் என்றால் ஸ்டார்ட் செய்தபின் டேங்குக்குள் ஆயில் திரும்பி விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். அழுத்தம் காட்டும் என்ஜின் என்றால் விளக்கு அணைய வேண்டும். பிறகு லெவலைத் திரும்பவும் பாருங்கள், புதிய பாதை தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். பழைய கூலரை மலிவாக வாங்குவதாக இருந்தால் அது எந்த என்ஜினிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பேரிங் போன என்ஜினின் கூலரில் தங்கிய உலோகத் துகளை எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் எடுக்க முடியாது.